டிரங்குப் பெட்டியில் கிடக்கும் அந்தக் கடிதம்

முன்னாள் படைவீரர் கேள்வி – பதில்
பதில் எழுதுபவர்: ஓய்வுபெற்ற சுபேதார் (கிளார்க்)

கேள்வி: வணக்கம் சாப். நான் ஆர்ட்டிலரியில் 1982-இல் சேர்ந்து 2004-இல் நாயக்காகக் காலம் முடிந்து வெளியே வந்தவன். சேரும்போது எனக்கு எந்த வியாதியும் கிடையாது. காஷ்மீர் எல்லையில் பூஞ்ச் பக்கம் இரண்டரை வருடம் இருந்துவிட்டு இறங்கி வந்தபோதுதான், 1998-இல், ரத்தக் கொதிப்பு என்றார்கள். லோ மெடிக்கல் கேட்டகரியில், அதாவது உடல் தகுதி குறைந்தவர்கள் பிரிவில், போட்டார்கள். வெளியே வரும்போது பரிசோதிக்கும் டாக்டர்கள் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டு, உடல் குறை 30 சதவீதம், ஆயுள் முழுக்க என்று எழுதியது. ஆனால் பட்டாளத்து வேலையால் வந்ததும் இல்லை, அதனால் கூடியதும் இல்லை என்று சேர்த்து எழுதிவிட்டது. 2005-இல் டிஸபிலிட்டி பென்ஷன் (உடல் குறைக்கான ஓய்வூதியம்) கிடையாது என்று கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம் என்று அதிலேயே இருந்தது. நான் செய்யவில்லை. இருபது வருடம் ஓடிவிட்டது, இனி ஒன்றும் நடக்காது என்கிறார் மருமகன். நடக்குமா?
– வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: நடக்கும் தம்பி. உங்கள் மருமகன் தவறாகச் சொல்லவில்லை, சிவில் வழக்கு என்றால் அவர் சொல்வதுதான் சரி. பென்ஷன் வழக்குக்குக் கணக்கு வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடிதத்தைப் பற்றி. அந்த மாதிரிக் கடிதங்களை டைப் அடித்தவன் நான். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். சைக்ளோஸ்டைல் மிஷினில் ஓட்டி, கட்டுக்கட்டாக அலமாரியில் அடுக்கி வைத்திருப்போம். வாசகம் எல்லாருக்கும் ஒன்றுதான். நம்பர், ரேங்க், பெயர், வியாதி, சதவீதம், இந்த ஐந்து இடங்கள் மட்டும் காலியாக இருக்கும். மெடிக்கல் போர்டு தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஐந்தையும் நிரப்புவேன். கடைசிப் பத்தியில் 'நைதர் அட்ரிபியூட்டபிள் டு, நார் அக்கிராவேட்டட் பை மிலிட்டரி சர்வீஸ்' என்ற வரி ஏற்கனவே அச்சாகி இருக்கும். பட்டாளத்து வேலையால் வந்ததும் இல்லை, கூடியதும் இல்லை என்று அர்த்தம். நாங்கள் சுருக்கமாக 'நானா' என்போம். 'இது நானா கேஸ்' என்றால் கட்டு வேறு மேசைக்குப் போகும். ஒரு மனிதனின் இருபது வருடத்தை இரண்டு நிமிடத்தில் முடித்து உறையில் போட்டிருக்கிறேன்.

ஒருமுறை தென் மாவட்டத்து ஹவில்தார் ஒருவர் அந்தக் கடிதத்தோடு நேரிலேயே வந்துவிட்டார். இங்கிலீஷில் இருந்ததால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன். "அப்போ இந்த வியாதி என்னோடதா சாப்?" என்றார். ஆமாம் என்றேன். கடிதத்தை நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கீழே அப்பீல் செய்யலாம் என்று ஒரு வரி இருந்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டதற்கே அவர்தான் காரணம்.

ஆகவே அந்தக் கடிதத்துக்குப் பயப்படாதீர்கள். அதை யாரும் உங்கள் கேஸைப் படித்துப் பார்த்து எழுதவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். நீங்கள் 2004-இல் வந்தவர் என்பதால் உங்களுக்குப் பொருந்துவது 1961-ஆம் வருட ராணுவ பென்ஷன் விதிகளும் 1982-ஆம் வருட தகுதி விதிகளும். அந்த 1982 விதிகளில் உங்களுக்கு வேண்டியது மூன்றே விஷயம்தான். ஒன்று, ஒருவன் சேரும்போது அவன் தாளில் வியாதி எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவன் நல்ல உடம்போடுதான் சேர்ந்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு, பிறகு உடம்பு கெட்டு வெளியே வந்தால் அது வேலையால் கெட்டது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்றால் இல்லை என்று காட்டுவது சர்க்காரின் வேலை. வீரனிடம் போய் 'நீ நிரூபி' என்று கேட்கக் கூடாது, சந்தேகம் வந்தால் அதன் பலன் அவனுக்கு. மூன்று, சேரும்போது இந்த வியாதியைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்வதானால், ஏன் முடியாது என்று காரணம் எழுத வேண்டும்.

இதெல்லாம் ரொம்ப வருடம் தாளிலேயே கிடந்தது. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதை எடுத்து வரிவரியாக விளக்கிவிட்டது. அவர் சிக்னல்ஸ் படைக்காரர். ஒன்பது வருடம் போல வேலை பார்த்தபின் வலிப்பு நோய் என்று 20 சதவீதம் போட்டு வெளியே அனுப்பினார்கள். உங்களுக்கு வந்த அதே 'நானா' அவருக்கும் வந்தது. அவர் சேர்ந்தபோது எழுதிய தாளில் வலிப்பு பற்றி ஒரு குறிப்பும் இல்லை, போர்டும் காரணம் எழுதவில்லை, ஆகவே பென்ஷன் கொடு என்று தீர்ப்பாகிவிட்டது. இன்று நாடு முழுக்க டிஸபிலிட்டி வழக்குகளில் வக்கீல்கள் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். 2015-இல் ராஜ்பீர் சிங் வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டு இதையே திரும்பச் சொன்னது.

உங்கள் கேஸில் இன்னொரு பலமும் இருக்கிறது. அந்த 1982 விதிகளோடு ஒரு வியாதிப் பட்டியல் உண்டு. அழுத்தத்தாலும் அலைச்சலாலும் பாதிக்கப்படும் வியாதிகள் என்று தனியாக ஒரு பிரிவு. ரத்தக் கொதிப்பு அதில் பெயரோடு இருக்கிறது. பூஞ்சில் இரண்டரை வருடம் இருந்து இறங்கியபின் கண்டுபிடித்த கொதிப்பை 'உடம்பிலேயே இருந்தது' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கியிருந்தால், அந்த வார்த்தையைத்தான் நீங்கள் கேள்வி கேட்கப் போகிறீர்கள்.

அதற்கு முதலில் போர்டு தாள் கையில் வேண்டும். மறுத்து வந்த கடிதம் போதாது. நான் கேட்பது அந்த ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற படிவம். பல பக்கம் இருக்கும். நம் ஆட்களில் நிறையப் பேர் அதன் கடைசியில் கையெழுத்து மட்டும் போட்டிருப்பார்கள், படித்திருக்க மாட்டார்கள். அதில் எந்தெந்த இடத்தில், எந்த வருடம், பீஸா (அமைதிப் பகுதி) ஃபீல்டா (களப் பகுதி) என்று ஒரு பட்டியல் வரும். அதில் பூஞ்ச் சரியாக 'ஃபீல்டு' என்று ஏறியிருக்கிறதா பாருங்கள். வியாதி எப்போது, எங்கே ஆரம்பித்தது என்ற கட்டத்தைப் பாருங்கள். 'வேலைக்குச் சேருமுன் இது இருந்ததா?' என்ற கேள்விக்கு 'நோ' என்று எழுதியிருப்பார்கள். அதே தாளில் நாலைந்து கட்டம் தள்ளி, வேலையால் வந்ததா? 'நோ'. வேலையால் கூடியதா? 'நோ'. முன்னால் இல்லை, வேலையாலும் வரவில்லை என்றால் எங்கிருந்து வந்தது? காரணம் எழுத விட்ட இடத்தில் ஒற்றை வரிதான் இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. அந்த வெற்று இடம்தான் உங்கள் வழக்கு.

தாள் உங்களிடம் இல்லை என்றால் உங்கள் ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீசுக்கு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர். சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள், ரிலீஸ் மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கை, மறுத்த உத்தரவு, இந்த மூன்றின் நகல் வேண்டும் என்று நம்பர், ரேங்க், பெயர் போட்டுக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். இதைத் தள்ளிப் போடாதீர்கள். பழைய ஆவணங்களை வைத்திருக்கக் காலக் கெடு உண்டு, அது முடிந்தால் அழித்துவிடுவார்கள். 2008-ஆம் வருடப் புதிய தகுதி விதிகளில் இதற்கென்றே ஒரு வரி சேர்த்தார்கள். வெளியே வந்து பதினைந்து வருடம் கழித்துக் கேட்டு, அதற்குள் தாள்கள் அழிந்து போயிருந்தால், நிரூபிக்கும் பாரம் கேட்பவன் தலையில் விழும். உங்களுக்கு அந்த விதி நேராகப் பொருந்தாது. 2008-க்கு அப்புறம் வந்த தம்பிகள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

இனி காலக் கணக்கு. படைவீரர்களின் வழக்குகளைக் கேட்கும் ஆயுதப்படை தீர்ப்பாயத்துக்கான சட்டம் 2007-இல் வந்தது. கடைசி உத்தரவு வந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று அதில் இருக்கிறது, தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் இருக்கிறது. பென்ஷன் விஷயத்தில் அந்த மன்னிப்பு ஏன் கிடைக்கிறது என்றால், மாதாமாதம் வர வேண்டிய பணம் வராமல் போவது மாதாமாதம் புதிதாக நடக்கும் தவறு. இதைத் தெளிவாகச் சொன்னது 2008-இல் வந்த தர்சேம் சிங் தீர்ப்பு. அவரை 1983-இல் உடல்நிலை காரணமாக வெளியே அனுப்பினார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனது 1999-இல். பதினாறு வருடம். கதவைச் சாத்தவில்லை, பென்ஷன் கிடைத்தது. ஆனால் ஹைகோர்ட்டு கொடுத்த பதினாறு வருட நிலுவையை சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்து, மனுப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும் கொடுத்தது.

ஆக, உரிமை போகவில்லை. நிலுவை மட்டும் மூன்று வருடத்துக்கு மேல் பெரும்பாலும் கிடைக்காது. ஒரு ஜூன் மாதம் மனுப் போட்டால் மூன்று வருடம் முந்தைய ஜூனிலிருந்து கணக்கு. அதை ஜூலைக்குத் தள்ளினால் பின்னால் ஒரு மாதப் பணம் கழன்று விழும். போன பொங்கலுக்கு ஒருவர் 'நல்ல நாள் பார்த்துப் போடலாம்' என்றார். நாள் பார்க்கிற ஒவ்வொரு மாதமும் உங்கள் வீட்டுக் காசு.

வழி என்னவென்றால், நீங்கள் 2005-இல் அப்பீல் செய்யவில்லை என்பதால் முதலில் ரெக்கார்டு ஆபீஸ் மூலம் முதல் அப்பீல் போடுங்கள். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு பத்தி எழுதுங்கள். கடிதம் இங்கிலீஷில் இருந்தது, விளக்கிச் சொல்ல ஆள் இல்லை, உண்மை அதுதான் என்றால் அதையே எழுதுங்கள். காலம் கடந்தது என்று திருப்பி அனுப்பலாம், அனுப்பட்டும். அந்தத் தாளும் உங்களுக்கு வேண்டியதுதான். ஆறு மாதம் பதிலே இல்லை என்றாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை அமர்வு. ஓய்வுபெற்ற ஹைகோர்ட்டு நீதிபதி ஒருவரும் படையில் உயர்பதவியில் இருந்த அதிகாரி ஒருவரும் உட்கார்ந்து கேட்பார்கள்.

பணம் எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது தெரிந்தால்தான் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள். முழு நூறு சதவீதத்துக்கு, கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது அடிப்படை. உங்கள் 30-க்கு அதில் பத்தில் மூன்று பங்கு. அதாவது சம்பளம் பத்தாயிரம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 900 ரூபாய். ஆனால் ஐந்தாவது சம்பளக் கமிஷனிலிருந்து 'ரவுண்டிங் ஆஃப்' உண்டு. 50-க்குக் கீழே இருப்பதை 50 ஆக எடுத்துக்கொள்வார்கள், 50-க்கு மேல் 75 வரை 75, அதற்கு மேல் 100. அப்படியானால் 900 என்பது 1,500 ஆகும். அதன் மேல் அகவிலைப்படி. முதலில் இது பாதியில் வெளியேற்றப்பட்டவர்களுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் முடிவாகிவிட்டது. உங்கள் மனுவிலேயே இந்த ரவுண்டிங்கையும் சேர்த்துக் கேளுங்கள். நிறையப் பேர் பென்ஷனை மட்டும் கேட்டு வாங்கிவிட்டு, இதற்கு இன்னொரு வழக்குப் போட்டு அலைகிறார்கள்.

கேள்வி: எனக்கு மெடிக்கல் போர்டு 'வேலையால் கூடியது' என்றுதான் எழுதியது, 40 சதவீதம். ஆனால் அலகாபாத் பென்ஷன் அலுவலகம் அதை மாற்றி மறுத்துவிட்டது. இது 1996-இல் நடந்தது.
– வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: இந்தப் பக்கத்துக்கு வருகிற கேஸ்களிலேயே வலுவானது உங்களுடையதுதான். உங்களைத் தொட்டுப் பார்த்த டாக்டர்கள் ஒன்று சொல்ல, உங்களைப் பார்க்காத ஒருவர் மேசையில் உட்கார்ந்து அதை மாற்றியிருக்கிறார். இப்படிச் செய்யக் கூடாது, மாற்ற வேண்டுமானால் திரும்ப ஒரு போர்டு வைத்து ஆளைப் பரிசோதித்திருக்க வேண்டும் என்று 1993 ஜனவரியிலேயே சாப்பர் மொஹிந்தர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. உங்களுக்கு மறுத்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. ஆர்டிஐ கேட்கும்போது போர்டு தாளோடு, அதை மாற்றிய மெடிக்கல் அட்வைசரின் குறிப்பையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். காலக் கணக்கெல்லாம் மேலே வேலூர்த் தம்பிக்குச் சொன்னதுதான்.

கேள்வி: எனக்கு காது கேட்பதில் குறை, 15 சதவீதம் போட்டார்கள். 17 வருடம் முடித்து வந்தேன். 15-ஐ 50 ஆக்கித் தரலாம் என்று ஒரு ஏஜெண்ட் சொல்கிறார்.
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: ஏஜெண்டை விடுங்கள். குறைந்தது 20 இருக்க வேண்டும் என்பது விதி. காலம் முடித்து வந்தவருக்கு 20-க்குக் கீழே இருந்தால் ரவுண்டிங்கும் கிடையாது என்று 2019 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, விமானப்படை விங் கமாண்டர் ரத்தோர் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதில் உங்களை நம்ப வைத்துப் பணம் வாங்குவது பாவம்.

ஒரே விலக்கு உண்டு. காலம் முடியும் முன்னே, இந்தக் காதுக்காகவே வேண்டாம் என்று வெளியே அனுப்பியிருந்தால் கதை வேறு. வேலைக்கே ஆக மாட்டான் என்று ஒருவனை அனுப்பினால் அவன் குறை 20-க்கு மேல் என்றுதான் கொள்ள வேண்டும் என்பது 2014-இல் சுக்விந்தர் சிங் வழக்கின் தீர்ப்பு. உங்கள் டிஸ்சார்ஜ் புக்கில் 'காஸ் ஆஃப் டிஸ்சார்ஜ்' (வெளியே வந்த காரணம்) என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 17 வருடம் முடித்தேன் என்கிறீர்கள், ஆகவே காலம் முடிந்தது என்றுதான் இருக்கும் என நினைக்கிறேன்.

ஏஜெண்டு என்றதும் இன்னொன்று. வந்த பணத்தில் நூற்றுக்கு நாற்பது எனக்கு என்று எழுதி வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். என்னுடன் வேலை பார்த்த ஒரு லான்ஸ் நாயக்கின் நிலுவை அப்படித்தான் போயிற்று. மகள் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்தார். வக்கீல் ஒருவர் வழக்குத் தொகையில் பங்கு கேட்கவே கூடாது, பார் கவுன்சில் விதியிலேயே தடை இருக்கிறது. இவ்வளவு ஃபீஸ் என்று பேசி ரசீது வாங்குங்கள்.

கேள்வி: லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, திருவிழாவுக்கு பைக்கில் போய் விழுந்து கால் உடைந்தது. இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். லீவும் டியூட்டிதானே, ஏன் மறுத்தார்கள்?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: லீவு டியூட்டிதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் காயத்துக்கும் பட்டாளத்து வேலைக்கும் ஒரு தொடர்பு வேண்டும் என்று கோர்ட்டுகள் கேட்கின்றன. லீவில் சொந்த வேலையாகப் போன ஸ்கூட்டர் விபத்து ஒன்றில் 2011-லும், உறவினர் வீட்டு மாடிப்படியில் விழுந்த ஒருவர் வழக்கில் 2015-லும் சுப்ரீம் கோர்ட்டு முடியாது என்று சொல்லிவிட்டது. யூனிட்டிலிருந்து ஊருக்கு வரும் வழியிலோ, லீவு முடிந்து திரும்பும் வழியிலோ நடந்திருந்தால் உங்களுக்காக வாதாட இடம் இருக்கும். திருவிழா என்றால் இல்லை. உங்கள் காலைப் பற்றிப் படிக்கும்போது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் தோற்கிற வழக்குக்குச் சென்னை வரை போய்வர உங்களை நான் அனுப்ப மாட்டேன்.

கேள்வி: 2011-இல் தீர்ப்பாயத்திலேயே போட்டு, தள்ளுபடி ஆகிவிட்டது. அதற்கு அப்புறம்தான் தரம்வீர் சிங் தீர்ப்பு வந்தது. அதைக் காட்டித் திரும்பக் கேட்கலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அலுவலகம் மறுத்ததும் கோர்ட்டு மறுத்ததும் வேறு வேறு. அலுவலகம் எழுதிய கடிதத்தை எத்தனை வருடம் கழித்தும் கேள்வி கேட்கலாம். கோர்ட்டு கேட்டு முடித்துச் சொன்னதை, பின்னால் நல்ல தீர்ப்பு ஒன்று வந்தது என்பதற்காக மட்டும் திறக்க மாட்டார்கள். தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து ஹைகோர்ட்டில் ரிட் போடலாம் என்று 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு பரஷோத்தம் தாஸ் வழக்கில் உறுதி செய்திருக்கிறது. ஆனால் இத்தனை வருடத் தாமதத்தை அங்கே விளக்க வேண்டும், அது லேசு இல்லை. உங்கள் 2011 உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விஷயம் பாருங்கள். காரணம் சொல்லித் தள்ளினார்களா, இல்லை வக்கீல் வராததால் தள்ளினார்களா? இரண்டாவது என்றால் உங்கள் கேஸை யாரும் இன்னும் கேட்கவே இல்லை, நம்பிக்கை வைக்கலாம். உத்தரவின் நகலை எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். மனநிலை சரியில்லை என்று 1991-இல் அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் எதுவும் வரவில்லை. போன வருடம் தவறிவிட்டார். அவர் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது, மறுத்து எழுதியது போல இருக்கிறது. எனக்கு ஏதாவது வழி உண்டா?
– வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அம்மா, முப்பது வருடத்துக்கு மேல் அவரைக் கவனித்துக்கொண்டது நீங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மருந்து, ஆஸ்பத்திரி, ராத்திரியில் தூங்காமல் கிடந்தது எல்லாம் உங்கள் தலையில்தான் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வழி உண்டு. ஆனால் உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். டிஸபிலிட்டி பென்ஷன் அவர் உயிரோடு இருந்தவரை அவருக்கு உரியது. அது அப்படியே மனைவிக்கு மாறி வராது. நீங்கள் கேட்கக்கூடியது இரண்டு. அவருக்கு வர வேண்டியிருந்த நிலுவையை வாரிசு என்ற முறையில் கேட்பது ஒன்று. அவர் பென்ஷனுக்கு உரியவர் என்று முடிவானால் அதன் பேரில் குடும்ப ஓய்வூதியம் கேட்பது மற்றொன்று. உங்கள் வாழ்க்கைக்கு முக்கியம் இரண்டாவதுதான், அது நீங்கள் இருக்கும்வரை வரும். இதைக் கேட்கும்போது இரண்டையும் ஒரே மனுவில் கேட்க வேண்டும்.

நிலுவையில்தான் அவசரம். மூன்று வருடக் கணக்கு மனுப் போடும் தேதியிலிருந்து பின்னோக்கிப் போகும் என்று மேலே சொன்னேன். அவர் தவறியபின் ஓடிய காலம் அந்த மூன்றில் கழிந்து போனதுதான். இப்போது போட்டால் அவர் இருந்த ஒன்றிரண்டு வருடமாவது அந்த மூன்றுக்குள் அகப்படும். இன்னும் இரண்டு வருடம் தள்ளினால் அவருக்குரிய நிலுவை என்று அநேகமாக எதுவும் மிஞ்சாது.

மனநிலைக் கேஸ்களில் இரண்டு பக்கமும் தீர்ப்பு இருக்கிறது. 2019-இல் நர்சிங் யாதவ் என்பவர் வழக்கில் கோர்ட்டு ஏற்கவில்லை. 2025 மே மாதம், கேரளத்துக்காரர் ஒருவர் வழக்கில், போர்டு காரணம் எழுதாமல் மறுத்தது செல்லாது என்று பென்ஷன் கொடுத்தார்கள். ஆகவே உங்கள் வீட்டுக்காரரின் போர்டு தாளில் காரணம் எழுதியிருக்கிறதா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. அது 1991 தாள் அம்மா, இன்னும் இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். குன்னூர் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்டு ஆபீசுக்கு ஆர்டிஐ போடுங்கள். மனைவி என்பதற்கு இறப்புச் சான்றிதழ் நகலும் டிஸ்சார்ஜ் புக்கில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தின் நகலும் சேருங்கள். கல்யாணம் அவர் வெளியே வந்தபின் நடந்ததாக இருந்தால் புக்கில் உங்கள் பெயர் இருக்காது, அப்போது நாகர்கோவிலில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள், எப்படிச் சேர்ப்பது என்று வழி காட்டுவார்கள்.

வக்கீல் செலவுக்கு நகையை வைக்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்திலேயே இருக்கிறது. மாவட்டக் கோர்ட்டு வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். போய் மனு எழுதிக் கொடுங்கள்.

அந்தப் பெட்டியை இன்னொரு தடவை முழுக்க இறக்கிப் பாருங்கள். கறுப்பு டிரங்குப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவர் நம்பர் இருக்கும். அடியில் விரித்த பேப்பருக்குக் கீழேயும் பாருங்கள், நம் ஆட்கள் முக்கியமான தாளை அங்கேதான் வைப்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, லீவு சர்ட்டிபிகேட், அவர் உங்களுக்கு எழுதிய கடிதம் எதுவானாலும் கிழிக்க வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியை எடுத்துவிட்டு ஒவ்வொன்றையும் இரண்டு நகல் எடுங்கள். யார் கேட்டாலும் நகலைக் கொடுங்கள், அசலை உங்கள் கையைவிட்டு அனுப்பாதீர்கள். எனக்கும் நகல் போதும்.